ஸ்டூல் மேல் நின்று சொன்னது

மகளுக்கு அப்பா எழுதுவது.

இங்கே நானும் உன் அம்மாவும் அவரவர் மாத்திரைகளை மறக்காமல் விழுங்கிக்கொண்டு நன்றாகவே இருக்கிறோம். அங்கே நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் நன்றாக இருப்பதாக எடுத்துக்கொள்கிறேன். ‘அன்புள்ள’ என்றுதான் ஆரம்பித்தேன். எழுதிப் பார்த்தால் வேறு எவனோ என் பேனாவைப் பிடுங்கி எழுதியது போல இருந்தது. அடித்துவிட்டேன். மேலே இருக்கும் மைப்பூச்சு அதுதான்.

உன் கடிதம் வந்தது. அம்மா கண்ணில் படக் கூடாது என்று கம்பெனி விலாசத்துக்குப் போட்டிருக்கிறாய். கெட்டிக்காரத்தனம்தான். ஆனால் உன் அப்பன் எப்பேர்ப்பட்டவன் என்பதை நீ கணக்கில் சேர்க்கவில்லை. அன்றைக்குப் பார்த்து மூக்குக் கண்ணாடியை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போயிருந்தேன். சாப்பாட்டு நேரம். எங்கள் தையல் லைன் மொத்தமும் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து உட்கார்ந்திருக்கிறது. பேத்திக்குப் பல் முளைத்திருக்கும், அங்கே குளிர் அதிகம் என்று இருக்கும், வேறென்ன இருக்கப் போகிறது என்று நினைத்தேன். செக்கிங் மேசைப் பெண்ணிடம் கவரைக் கொடுத்து, “சத்தமாப் படிம்மா, எல்லாரும் கேக்கட்டும். என் பொண்ணு அங்கேர்ந்து கைப்பட எழுதியிருக்கா” என்று பீற்றிக்கொண்டேன். போனிலேயே பேசிக்கொள்ளும் காலத்தில் கைப்பட எழுத ஒரு மகள் இருக்கிறாள் என்ற திமிர் எனக்கு.

அவளும் படித்தாள். அவளுக்கு ஒரு பழக்கம், ஆரம்பித்தால் நிறுத்தத் தெரியாது. “அப்பா, சின்ன வயசுலேர்ந்து நீங்க என்னைச் சொன்னதை எல்லாம் எழுதியிருக்கேன். இங்க வாரா வாரம் கவுன்சலிங் பண்ற ஒரு அம்மா கிட்டப் போய்ப் பேசறேன், அவங்கதான் எழுதச் சொன்னாங்க. ஒண்ணு, மக்கு. ஆறு வயசு, வாய்ப்பாடு தப்பாச் சொன்னப்ப. ரெண்டு, எருமை. ஏழு வயசு, பால் கொட்டினப்ப.” இஸ்திரிக்காரன் வாயில் சோற்றோடு, “மூணாவதை நான் சொல்லட்டுமா, தண்டம்” என்றான். மூன்றாவது தண்டமேதான். லைனே சிரித்தது. அதன்பிறகு ஒவ்வொன்றுக்கும் பங்கு கேட்டார்கள். பன்னாடை என்றதும் பட்டன்காரி, “ஏய், அது எனக்கு வெச்ச பேரு, உங்க பொண்ணுக்கும் குடுத்துட்டீங்களா” என்றாள். நானும் சிரித்தேன். என் மகளுக்கு என்ன ஞாபகசக்தி என்று ஒரு பெருமை வேறு.

பத்து, பதினொன்றுக்கு மேல் சிரிப்பு மெலிந்துவிட்டது. பதினேழு வயதில் நீ பரீட்சையில் முதலாவதாக வந்தபோது, உன்னைவிட மக்குகளும் அந்தப் பள்ளிக்கூடத்தில் படிக்கிறார்களா என்று கேட்டேன் என்று எழுதியிருந்தாயே, அதற்கு ஒருத்தரும் சிரிக்கவில்லை. இருபத்து மூன்றாவது, போன மாதம், போனில் உன் குழந்தையைப் பார்த்ததும் நான் சொன்ன “அடி சப்பை மூக்குக் குரங்கே”. அதற்குக் கீழே உன் கடைசி வரிகள். “என்னைப் பத்தி நல்லதா ஒரே ஒரு வரி எழுதி அனுப்புங்க. அது வர்ற வரைக்கும் போன் பண்ணாதீங்க. குழந்தையைக் காட்ட மாட்டேன்.”

செக்கிங் பெண் கடிதத்தை மடித்துக் கொடுத்த விதத்தில், அது ஏதோ சாவு ஓலை போல இருந்தது. இஸ்திரிக்காரன்தான் கடைசியில் வாயைத் திறந்தான். “மேஸ்திரி, அவசரப்பட்டு நல்லதா எதையாவது எழுதித் தொலைச்சிடாதீங்க. காலர் அக்காவை என்ன பண்ணீங்கன்னு ஞாபகம் இருக்கட்டும்” என்றான். எல்லாரும் டப்பாவை மூடிக்கொண்டு எழுந்துவிட்டார்கள்.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் பட்டியலைக் காட்டினேன், மறைத்து வைத்து எத்தனை நாள் தாங்கும். முழுதும் படித்துவிட்டு, “இருபத்து மூணுதானா? எனக்குன்னா ரெண்டு நோட்டு வேணும்” என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, “அந்த ஒரு வரியை எழுதிடுங்களேன். கை தேஞ்சா போயிடும்” என்றாள். நாலு நாளாக உட்காருகிறேன். கை தேயவில்லைதான், வரியும் வரவில்லை. ஏன் வரவில்லை என்பதையாவது எழுதுகிறேன். இது சாக்கு என்று நீ சொல்வாய். அந்த வாரா வாரம் பேசும் அம்மாவும் அதையே சொல்வார்கள். படித்துவிட்டுச் சொல்லுங்கள்.

எங்கள் லைனில் நாற்பது மெஷின். சட்டை. ஒருத்தி கை வைப்பாள், ஒருத்தி பாக்கெட் வைப்பாள், ஒருத்தி காஜா போடுவாள், ஒருத்தி பட்டன் தைப்பாள். இந்த நாற்பது பேருக்கும் நான் மேஸ்திரி. மேஸ்திரி என்றால் வேறொன்றுமில்லை, காலையிலிருந்து சாயங்காலம் வரைக்கும் நாற்பது பேரைத் திட்டுவது. நீ சிரிக்காதே, அது ஒரு வேலை. ஒருத்தியை ரெண்டு நாள் நான் திட்டவில்லை என்றால் பக்கத்து மெஷின்காரியிடம், “மேஸ்திரிக்கு என் மேல என்னடி கோவம், மூஞ்சியைக் கூடப் பாக்க மாட்டேங்கறாரு” என்று கேட்பாள். திட்டு விழுகிறது என்றால் இங்கே உனக்கு இடம் இருக்கிறது என்று அர்த்தம். யார் வைத்த வழக்கமோ, நான் சேர்ந்தபோதே இருந்தது.

நல்ல வார்த்தைக்கும் ஒரு நாள் உண்டு. வேலையை விட்டுப் போகிறவர்களுக்குக் கடைசி நாளில் பத்து நிமிஷம் லைனை நிறுத்துவோம். மேஸ்திரி ஸ்டூல் மேல் ஏறி, போகிறவர்களைப் பற்றி நல்லதாக மூன்று விஷயம் சொல்ல வேண்டும். கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும், போகிறவர்களுக்குச் சொல்வதில் என்ன கஞ்சத்தனம். எல்லாரும் கைதட்டுவார்கள். போகிறவர் அழுவார். ஒரு எவர்சில்வர் டப்பா கொடுத்து வாசல் வரைக்கும் போய் அனுப்புவோம். அந்தப் பத்து நிமிஷம் தவிர வருஷத்தில் மற்ற நாளெல்லாம் எங்கள் லைனில் நல்ல வார்த்தை கிடையாது. அதை யாரும் குறையாக எண்ணியதும் இல்லை. நல்ல வார்த்தை கேட்கவில்லை என்றால் நாளைக்கும் வேலை உண்டு என்று நிம்மதியாக வீட்டுக்குப் போவார்கள்.

காலர் அக்கா என்று அவன் சொன்னது யாரென்று உனக்குத் தெரியாது. காலர் வைப்பவள். சட்டையில் கஷ்டமான இடம் அதுதான், நூல் அளவு பிசகினாலும் கழுத்தில் போய் நிற்கும். இருபத்தாறு வருஷமாக அந்த ஒரு மெஷின். எனக்கும் அவளுக்கும் ஒரு நாள்கூட மரியாதையான பேச்சு கிடையாது. நான், “ஏய் காலரு, இது சட்டையா, கோணிப்பையா” என்பேன். அவள், “யோவ் மேஸ்திரி, உன் மூஞ்சிக்குக் கோணிப்பையே ஜாஸ்தி” என்பாள். இப்படியே இருபத்தாறு வருஷம்.

போன வருஷம் அவள் தலையைச் சாய்த்துத் தைக்க ஆரம்பித்தாள். யாரோ காதில் ரகசியம் சொல்வதைக் கேட்பது போல இருக்கும். எனக்கு முதலில் புரியவில்லை. அப்புறம் துணியைப் பார்த்துப் புரிந்துகொண்டேன். நேராகப் பார்த்தால் அவளுக்குத் தெரியவில்லை, ஓரக் கண்ணால் பார்த்துத் தைக்கிறாள். பத்துக் காலரில் ஒன்று கோணலாக வந்தது. அவள் என்னிடம் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. கேட்டால் பதில் சொல்ல வேண்டும், பதில் சொன்னால் மேலே மேனேஜருக்கு எழுத வேண்டும். அதனால் ஒரு வேலை செய்தேன். கோணல் விழுந்தால் லைன் நடுங்குகிற மாதிரிக் கத்துவேன். “உனக்கெல்லாம் யாருடி மெஷின் குடுத்தது, எடு அந்தப் பண்டலை” என்று பிடுங்கிக்கொண்டு என் மேசைக்குப் போய்விடுவேன். சாப்பாட்டு நேரத்தில் நானே பிரித்துத் தைத்துப் பண்டலில் சேர்த்துவிடுவேன். நான் பழைய தையல்காரன்தானே. பார்க்கிறவர்களுக்கு மேஸ்திரி அவளை அவமானப்படுத்துகிறான். பதிலுக்கு அவள் என்னைக் கழுவி ஊற்றுவாள். ஆறு மாதம் இப்படி ஓடியது.

அப்போதுதான் சட்டை வாங்குகிற கம்பெனியிலிருந்து ஒரு பயிற்சிக்காரம்மாவை அனுப்பினார்கள். உன் வயசுதான் இருக்கும். நல்ல பெண், அதை நான் மறைக்கக் கூடாது. நம் மொழியைப் புத்தகத்தில் இருப்பது போலப் பேசும். கூட்டுகிறவளிடம்கூட நின்று பெயர் கேட்டது. அந்தப் பெண் இரண்டு உத்தரவு போட்டது. ஒன்று, லைனில் யாரும் யாரையும் திட்டக் கூடாது. திறந்த வாய் ஒன்றை வரைந்து, குறுக்கே சிவப்புக் கோடு போட்டு என் மேசைக்கு நேர் எதிரே மாட்டினார்கள். படம் என் வாயைப் பார்த்து வரைந்தது என்று இஸ்திரிக்காரன் இன்றுவரை சாதிக்கிறான். இரண்டாவது, வெள்ளிக்கிழமைதோறும் ஒரு தொழிலாளியை எல்லார் முன்னாலும் பாராட்ட வேண்டும். முதல் வாரம் மேஸ்திரி செய்து காட்ட வேண்டும்.

யாரை என்று நான் யோசிக்கவே இல்லை. காலரைத்தான். அந்தப் பெண்ணின் காகிதத்தில் அவள் பெயர் நல்லபடியாக ஏறிவிட்டால் நாளைக்குக் கண் விஷயம் வெளியே வந்தாலும் ஒரு பிடிமானம் இருக்கும் என்று கணக்குப் போட்டேன். என் கணக்கின் லட்சணம் உனக்குத் தெரியும்.

வெள்ளிக்கிழமை லைனை நிறுத்தினோம். நான் குள்ளன், பின்வரிசைக்குத் தெரியாது என்று பழக்க தோஷத்தில் ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறிவிட்டேன். ஏறிய பிறகு பாராட்டுவதற்கு எனக்குத் தெரிந்த ஒரே பேச்சு வாயில் வந்துவிட்டது. “இவங்க நம்ம லைனுக்கு வந்து இருபத்தாறு வருஷம் ஆகுது” என்று ஆரம்பித்தேன். மூன்று விஷயம் சொன்னேன். ஒன்று, இவங்க வெச்ச காலர் ஒண்ணுகூடத் திரும்பி வந்ததில்லை. இரண்டு, புதுப் பெண் யாராவது தைக்கத் தெரியாமல் அழுதால் அவள் பண்டலையும் சொல்லாமல் எடுத்துத் தைத்துவிடுவாங்க. மூன்று, இந்த லைன் ஓடுவது என்னால் இல்லை, இவங்களால்.

முதல் விஷயத்திலேயே அவள் எழுந்து நின்றுவிட்டாள். முகத்தில் ஒன்றும் இல்லை. மூன்றாவது வந்தபோது கண்ணிலிருந்து பொலபொலவென்று கொட்டியது. பயிற்சிக்காரம்மா கைதட்டியது. உடனே லைனும் தட்டியது. பட்டன்காரி ஓடிவந்து கட்டிக்கொண்டாள். பயிற்சிக்காரம்மாவுக்கும் கண் கலங்கி, போனை எடுத்து அவளைப் படம் பிடித்தது. “பார்த்தீர்களா, ஒரு நல்ல வார்த்தைக்கு எவ்வளவு சக்தி” என்று என்னிடம் சொன்னது. எனக்கும் அப்படித்தான் தோன்றியது. முப்பது வருஷம் மெனக்கெட்டுக் கத்தியதற்குப் பதில் இதைச் செய்திருக்கலாமோ என்றுகூட நினைத்தேன். காலர் தன் மெஷினைத் துடைத்தாள், எண்ணெய் விட்டாள், உறையைப் போட்டாள், கத்தரிக்கோலைப் பையில் வைத்துக்கொண்டு போனாள். சனி, ஞாயிறு விடுமுறை என்பதால் செய்கிறாள் என்று எடுத்துக்கொண்டேன். வீட்டுக்கு வந்து உன் அம்மாவிடம், “நான் பேசினா ஜனங்க அழறாங்க” என்று பெருமையடித்தேன். அவள், “தினம்தானே அழறாங்க” என்றாள்.

திங்கட்கிழமை மெஷினில் உறை அப்படியே இருந்தது. செவ்வாயும் வரவில்லை. பட்டன்காரியைக் கேட்டேன். “நீங்கதானே அனுப்பிச்சு வெச்சீங்க” என்றாள். டப்பா வாங்குவதற்கு லைனில் எல்லாரும் சேர்ந்து ஏற்பாடுகூடச் செய்திருந்தார்கள். நாற்பது பேரில் ஒருத்தர்கூட என்னிடம் வந்து ஏன் அனுப்பினாய் என்று கேட்கவில்லை. எங்கள் லைனில் அதெல்லாம் கேட்கிற வழக்கம் இல்லை.

புதன்கிழமை அவள் வீட்டுக்குப் போனேன். மாடியில் ஒரே அறை. அவள் வீட்டுக்காரர் பஸ் ஓட்டியவர், வாதத்தில் இடது பக்கம் விழுந்துபோய் ஜன்னலோரம் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். என்னைப் பார்த்ததும் அவள், “வாங்க சார், உக்காருங்க சார்” என்றாள். இருக்கிற இன்னொரு நாற்காலியை முந்தானையால் துடைத்துப் போட்டாள். அந்த ‘யோவ்’ எங்கே போனது என்று தேடிக்கொண்டே உட்கார்ந்தேன்.

வீட்டுக்காரர் கோணிய வாயோடு சந்தோஷமாகப் பேசினார். “நீங்க சொன்ன மூணையும் அப்படியே வந்து சொன்னா சார். கண்ணு நரம்பு போச்சு, சரியாகாதுன்னு டாக்டர் சொன்ன அன்னியிலேர்ந்து வேலை எப்படிப் போகுமோன்னு பயந்துட்டிருந்தோம். இப்படி மரியாதையாப் போகும்னு நெனைக்கல. வர்றவங்க போறவங்க கிட்டல்லாம் அதைத்தான் சொல்லிட்டிருக்கேன். அந்த மூணாவதை மட்டும் உங்க வாயால ஒரு தடவை சொல்லுங்களேன்” என்றார்.

நான் அவளைப் பார்த்து, “யாரு உன்னை வேலையை விட்டுப் போகச் சொன்னது, கெளம்பு” என்றேன். பழைய குரலில்தான் சொன்னேன், ஏனோ எடுபடவில்லை. அவள், “பரவாயில்ல சார். எனக்குத் தெரியாதா. காலர் ஒண்ணுகூடத் திரும்பி வரலைன்னு சொன்னீங்க. வந்ததெல்லாம் உங்க மேசை மேலதானே இருந்துச்சு. போறவங்களுக்குத்தான் அப்படிச் சேர்த்துச் சொல்லுவோம்” என்றாள். நான் சாப்பிடாமல் பிரித்துத் தைத்தது அவளுக்கு முதல் நாளிலிருந்தே தெரிந்திருக்கிறது.

நான் என்ன சொல்லி அவளைக் கூட்டிக்கொண்டு வருவது, நீயே சொல். அது விடைகொடுக்கிற பேச்சு இல்லை என்று அவள் நம்ப வேண்டும். அதற்கு எனக்குத் தோன்றியது ஒரே வழி. “அந்தப் பயிற்சிக்காரம்மா யாரையாவது புகழணும்னு உத்தரவு போட்டுச்சு. எனக்கு யார் பேரும் தோணல. நீ முன்னாடி உக்காந்திருந்த. வாய்க்கு வந்ததைச் சொன்னேன். அவ்வளவுதான், எல்லாம் சும்மா” என்றேன். வீட்டுக்காரர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அவள், “மூணுமா சார்?” என்று கேட்டாள். “மூணும்” என்றேன். “சரி சார், நாளைக்கு வரேன்” என்றாள். தண்ணீர் கொடுத்தாள், குடித்துவிட்டு வந்தேன். உன் இருபத்து மூன்றையும் கூட்டி எடை போட்டாலும் அந்த ஒரு ‘மூணும்’ கனம் வராது. அதை நான் திட்டாமல், மெதுவாக, நல்ல குரலில்தான் சொன்னேன்.

அவள் வந்தாள். உறையை எடுத்தாள். நான் பக்கத்தில் போனால் எழுந்து நிற்பாள், “சொல்லுங்க சார்” என்பாள். எனக்கோ வாயில் பூட்டு, எதிரே சிவப்புக் கோடு போட்ட படம். கத்தாமல் பண்டலைப் பிடுங்க முடியுமா? ஒருத்தியிடம் பேசாமல் போய்ப் பண்டலை மட்டும் எடுத்துக்கொண்டு வந்தால், ஏன் எடுக்கிறாய் என்று கேட்பார்கள். அதனால் அவள் தைத்தது நேரே செக்கிங்குக்குப் போனது. அங்கே புதிதாக ஆளுக்கு ஒரு பெட்டி வைத்து நம்பர் ஒட்டியிருந்தார்கள், கோணல் அந்தந்தப் பெட்டியில் விழும். மூன்று வாரத்தில் அவள் பெட்டி நிறைந்து தரையில் வழிந்தது.

மேனேஜர் அறைக்கு எங்கள் இரண்டு பேரையும் கூப்பிட்டார்கள். பயிற்சிக்காரம்மாவும் இருந்தது. கம்பெனி டாக்டர் அவள் கண்ணைப் பார்த்துக் கொடுத்த சீட்டு மேசை மேல் இருந்தது. மேனேஜர் என்னைப் பார்த்து, “இந்தம்மாவுக்குக் கண் தெரியலைங்கறது உங்களுக்கு முன்னாடியே தெரியுமா” என்று கேட்டார். எனக்கு இன்னும் இரண்டு வருஷம் வேலை பாக்கி. “தெரியாது சார்” என்றேன். அவள் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்காமல், “அவருக்குத் தெரியாது. நான்தான் மறைச்சேன்” என்றாள்.

பயிற்சிக்காரம்மா அழுதுவிட்டது. எழுந்து போய் அவளைக் கட்டிக்கொண்டு, “எனக்கு மிகவும் வருத்தமாக இருக்கிறது” என்று தோளில் முகத்தைப் புதைத்தது. காலர் கைகளைத் தொங்கப்போட்டுக்கொண்டு, பஸ்ஸுக்கு நிற்பது போல நின்றாள். ஒரு சொட்டு இல்லை. வெளியே வந்த பிறகு அந்தப் பெண் என்னிடம் நிஜமாகவே குழம்பிப்போய்க் கேட்டது: “அன்றைக்குப் பாராட்டியபோது அவ்வளவு சந்தோஷமாக அழுதார்களே. இன்றைக்கு அவர்களுக்கு வருத்தமே இல்லையா?” “அவங்க அப்படித்தான்” என்றேன்.

அன்றைக்கே அவளை வேலையிலிருந்து அனுப்பிவிட்டார்கள், செவ்வாய்க்கிழமை. லைன் நிற்கவில்லை, ஸ்டூலை யாரும் தொடவில்லை. மூன்று நல்ல விஷயமும்தான் ஏற்கெனவே செலவாகிவிட்டதே. வாசல் வரைக்கும் போனேன். அவள், “போயிட்டு வரேன் சார். உடம்பைப் பாத்துக்கோங்க” என்றாள். நான் “ம்” என்றேன். முப்பது வருஷம் வாயை வைத்துப் பிழைத்தவன், “ம்” என்றேன். அவள் அழுத படத்தைப் பெரிதாக்கிச் சட்டம் போட்டு வராந்தாவில் மாட்டியிருக்கிறார்கள். கீழே ‘மகிழ்ச்சியான தொழிலாளி’ என்று எழுதியிருக்கிறது. அதைத் தாண்டித்தான் தினமும் வேலைக்குப் போகிறேன்.

இன்னொன்றும் கேள். அதற்கு அடுத்த வெள்ளிக்கிழமை பயிற்சிக்காரம்மா தானே எழுந்து பாராட்டியது, என்னைத்தான். லைனில் கோணல் குறைந்துவிட்டதாம், நான் கத்தாமல் மாறிவிட்டேனாம், நேர்மையான மனிதராம். யாரோ என்னைத் தூக்கி வாசலில் வைப்பது போல இருந்தது. இது அந்த அர்த்தத்தில் இல்லை என்று தெரிந்தும் மனசு கேட்கவில்லை. லைனில் எல்லாரும் தரையைப் பார்த்தார்கள். கொஞ்சம் பொறுத்துத்தான் கை தட்டினார்கள்.

இப்போது நீ ஒரு வரி கேட்கிறாய். நீ இருக்கும் ஊரில் குழந்தை மூக்கைச் சிந்தினால்கூடச் சபாஷ் சொல்வார்கள், குழந்தைகள் பள்ளிக்கூடத்தில் உன் வேலையும் அதுதான். அங்கே நல்ல வார்த்தை என்றால் உள்ளே வா என்று அர்த்தம். எனக்கோ அந்த வார்த்தை வாசலில் வைத்துக் கொடுக்கிற டப்பா. நான் உன்னைப் பற்றி நல்லதாக ஒன்றை எழுதிக் கையெழுத்துப் போட்டால், என் கை என் மகளுக்கு விடை கொடுத்துவிட்டது என்று எனக்குத் தோன்றும். நீ போன் பண்ணாதே என்று எழுதியதைவிட எனக்கு அது பயமாக இருக்கிறது. ஆனால் எழுதவில்லை என்றால் நீ போனது போனதுதான். இரண்டு பக்கமும் கதவு எனக்கு வெளிப்பக்கமாகத்தான் திறக்கிறது.

அதனால் உன்னிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். கீழே எழுதுவதை உன் ஊர் வழக்கப்படி படி. என் வழக்கப்படி படிக்காதே. குழந்தை மூக்கைப் பற்றிச் சொன்னதற்கு மன்னித்துவிடு, அது என் அம்மாவின் மூக்கு, என்னுடையதும் அதுதான், கண்ணாடியைப் பார்த்துச் சொல்ல வேண்டியதைப் போனைப் பார்த்துச் சொல்லிவிட்டேன். நீங்கள் மூவரும் நோய் நொடி இல்லாமல் நீண்ட நாள் இருக்க வேண்டும். உன் அம்மா குழந்தையின் பழைய படத்தையே திரும்பத் திரும்பப் பார்க்கிறாள். எனக்காக இல்லாவிட்டாலும் அவளுக்காக ஒரு முறை காட்டு. நான் பக்கத்து அறையில் இருந்துகொள்கிறேன்.

இப்படிக்கு
உன் அப்பா

மேலே இடம் இருந்தும் எழுத வரவில்லை, கையெழுத்துக்குக் கீழே எழுதுகிறேன். உன் பட்டியலில் பதினான்காவது. பதினைந்து வயதில், நான் கொண்டு வந்த கம்பெனித் துணியில் நீயாக வெட்டி நீயாகத் தைத்த சட்டை. “நாய்க்குத் தைச்சியா” என்று கேட்டேன். அதற்குப் பிறகு நீ ஊசியைத் தொடவே இல்லை, எழுதியிருக்கிறாய். மறுநாள் காலையில் அந்தச் சட்டையை உனக்குத் தெரியாமல் சாப்பாட்டுப் பைக்குள் வைத்துக் கம்பெனிக்குக் கொண்டு போனேன். காலரிடம் காட்டலாம் என்று அவள் மெஷின் மேல் வைத்துவிட்டு டீ குடிக்கப் போனேன். அப்போது அவளுக்குக் கண் நன்றாக இருந்த காலம். திரும்பி வந்து பார்த்தால் சட்டை இல்லை. தான் வைத்த காலர் என்று நினைத்துத் தன் பண்டலில் சேர்த்துக் கட்டிவிட்டாள். நான் பிரித்துத் தேடி எடுத்தேன். சாயங்காலம் வீட்டுக்கு வந்தபோது நீ நோட்டில் ஏதோ எழுதிக்கொண்டு தலை நிமிராமல் இருந்தாய். இதைச் சொல்லத்தான் உன் பக்கத்தில் வந்து நின்றேன். “விளக்கைப் போட்டுட்டு எழுது எருமை” என்றேன். சொல்லாமல் விட்டது: அந்தக் காலரில் ஒரு தையல்கூடத் தப்பில்லை.